விலைக்கு ஏத்த சரக்கு

அந்த ஓரம் உட்காராதீங்க சார், பெஞ்சுக்குக் கால் ஆடுது. இப்படித் தள்ளி வாங்க. காலையில இருந்து ரெண்டு பேர் விழுந்து எழுந்துட்டாங்க. ஒரு ஆணி அடிக்க நேரமில்லாத கோர்ட்டு, நம்ம கேஸை எங்க பார்க்கப் போகுது.

உங்களுக்கு என்ன, நிலமா? நினைச்சேன். பையில பத்திரம் எட்டிப் பார்க்குதே. பங்காளித் தகராறா? அப்போ நிதானமா உட்காருங்க, அது உங்க பேரன் காலம் வரைக்கும் ஓடும். என்னுது இன்னிக்கே முடிஞ்சிடும்.

என் பையன் கேஸு. மிதுன்னு பேரு. படிப்பு முடிச்சிட்டு என்னோட தான் கடையில இருந்தான். போன ஆடி மாசம், விளக்கு வெக்கிற நேரம், பைக்ல வந்துட்டு இருந்தவனை பைபாஸ் திரும்புற இடத்துல ஏதோ ஒரு வண்டி அடிச்சுப் போட்டுட்டு நிக்காம போயிடுச்சு. லாரின்னான் ஒருத்தன். மினி வேன்னான் இன்னொருத்தன். வெள்ளை வண்டின்னு மட்டும் எல்லாரும் சொன்னாங்க. இந்த ரோட்டுல எது சார் வெள்ளையில்ல? ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உயிர் இருந்துச்சாம். நான் வந்து பார்க்கும்போது இல்ல.

போலீஸ்ல தேடுனாங்க. தேடுனோம்னு சொன்னாங்க. இப்போ வண்டியைக் கண்டுபிடிக்க முடியல, கேஸை மூடிடுறோம்னு கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்க. புகார் குடுத்தவன் நானு. அதனால உனக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேட்டு எனக்கு நோட்டீஸ் வந்துச்சு. இருக்குன்னா திரும்பத் தேடச் சொல்லுவாங்க. இல்லைன்னா மூடிடுவாங்க. அவ்வளவு தான் இன்னிக்கு வேலை.

அதோ, ஜெராக்ஸ் கடை நிழல்ல பச்சைப் புடவை தெரியுதா? என் சம்சாரம், சுகுணா. பக்கத்துல ஒல்லியா காக்கிச் சட்டை போட்டு ஒருத்தன் நிக்கிறான் பாருங்க. ஏழுமலை. பஞ்சர் கடைக்காரன். மிதுன் விழுந்த இடத்துக்கு நேர் எதிர்ல தான் அவன் கடை. அவனால தான் சார் இவ்வளவும். அவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா வண்டி நம்பர் அன்னிக்கே கிடைச்சிருக்கும். இன்னிக்கு நல்லவன் மாதிரி என் பொண்டாட்டிக்குத் தண்ணி பாட்டில் வாங்கிக் குடுத்துட்டு நிக்கிறான். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்.

சொல்றேன். என்னைக் கூப்பிட இன்னும் நேரமாகும், உங்களுக்கும் எங்க போக்கிடம்?

நான் மெமரி கார்டு வியாபாரம் சார். மவுண்ட் ரோட்டுக்குப் பின்னாடி, எலக்ட்ரானிக்ஸ் சாமான் விக்கிற தெருவுல. கடைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. ஆள் உள்ள நின்னா சரக்கு வெளிய, சரக்கு உள்ள வெச்சா ஆள் வெளிய. மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. விரல் நகம் அளவு பொருள் தானே, நகைக்கடை நடத்துற மாதிரி தான். ஒரு ஷூ டப்பாவுல ஒரு வீட்டு விலைக்குச் சரக்கு வெச்சிருக்கலாம்.

உங்க போன்ல கார்டு போட இடம் இருக்கா? பாருங்க. இருக்காது. இப்போ வர்ற போன்ல முக்காவாசிக்கு அந்த ஓட்டையே கிடையாது. கம்பெனிக்காரன் அடைச்சுட்டான். ஒரு காலத்துல போன் வாங்குறவன் எல்லாம் கூடவே ஒரு கார்டு வாங்குவான், பாட்டு ஏத்தித் தர்றதுக்கே தனியா ஆள் போட்டிருந்தோம். அந்த ஓட்டையை அடைச்சதும் எங்க தெருவுல பாதிப் பேர் சார்ஜர் விக்கப் போயிட்டாங்க. நான் போகலை. எனக்குத் தெரியும், கேமரா வரும்னு. வந்துச்சா இல்லையா? கல்யாண ஸ்டுடியோ, ட்ரோன், காருக்குள்ள கேமரா, கடை வாசல்ல கேமரா. போனாவது நிறையிற வரைக்கும் கார்டை விட்டு வெக்கும். கேமரா ராத்திரி பகலா எழுதித் தேய்க்கும் சார். ஒரு கார்டு போனா இன்னொண்ணு வாங்கித் தான் ஆகணும்.

விலையை யார் வெக்கிறான்னு நினைக்கிறீங்க? நானா? உலகத்துலயே கார்டுக்குள்ள இருக்கிற சில்லு, அதான் சிப்பு, அதைச் செய்யிறவனை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். விலை இறங்குச்சுன்னா மிஷினைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுவான். சரக்கு குறையும், விலை தானா ஏறும். இப்போ என்னடான்னா ஏஐங்கிறான், பெரிய பெரிய கம்ப்யூட்டர் கட்டடம்ங்கிறான், சில்லு எல்லாம் அங்க போகுது. நம்ம கார்டுக்கு மிச்சம் மீதி தான். காலையில ஒரு ரேட்டு மெசேஜ் வரும், மத்தியானம் இன்னொண்ணு வரும். கோயம்பேட்டுத் தக்காளி மாதிரி. ஆனா தக்காளி அழுகும், கார்டு அழுகாது. அது தான் சூட்சுமமே. ஏறப் போகுதுன்னு தெரிஞ்சா வாங்கி அடுக்கிட்டுச் சும்மா இருக்கணும். காத்துள்ளபோதே தூத்திக்கணும்னு சும்மாவா சொன்னாங்க?

போன வருஷம் சித்திரையில எனக்கு மூக்குல வேர்த்துடுச்சு. ஏறும்னு தெரிஞ்சுபோச்சு. கையில இருந்ததைப் போட்டு, சுகுணா சங்கிலியை வெச்சு, ஒரிஜினல் சரக்கா வாங்கி வீட்டு பீரோவுல அடுக்கிட்டேன். பட்டுப் புடவைக்குப் பின்னாடி. கடையில ஒரிஜினல் பேருக்குத் தான் இருக்கும். யார் கேட்டாலும் ஸ்டாக் இல்ல. ரேட்டு உச்சிக்குப் போற வரைக்கும் வெளிய எடுக்கிறதில்லன்னு முடிவு.

அப்போ கடையை எப்படி ஓட்டுறது? அதுக்குத் தான் லோடு கார்டு.

லோடு கார்டுன்னா, உள்ள இருக்கிறது சின்னச் சில்லு. மேல எழுதியிருக்கிறது பெருசு. எட்டு ஜிபி பிடிக்கிற கார்டுல நூத்தி இருபத்தெட்டுன்னு அடிச்சிருக்கும். போன்ல போட்டுப் பார்த்தாலும் நூத்தி இருபத்தெட்டுன்னு தான் காட்டும். எட்டு வரைக்கும் அருமையா எழுதும். அதுக்கு மேல எழுதுற மாதிரி நடிக்கும். நாங்க செய்யிறதில்ல சார், அதை நல்லா கேட்டுக்குங்க. வரும்போதே அப்படித் தான் வரும். மூட்டையா வரும். சுகுணா சீரியல் பார்த்துக்கிட்டே அட்டையில வெச்சு ஒட்டிக் குடுப்பா. ஒரிஜினலுக்கு ஒரு அட்டை, லோடுக்கு ஒரு அட்டை. அவ கை அவ்வளவு சுத்தம், ஒரு மடிப்பு விழாது.

ஏமாத்துன்னு சொல்லுவீங்க. மிதுனும் அதைத் தான் சொல்லுவான். நான் ஒண்ணு கேக்குறேன். பெருசுக்கு இது விலைன்னு சொன்னா வாங்குவானா? மாட்டான். சின்னதோட விலைக்குப் பெருசு வேணும்பான். தெருவுல எட்டுக் கடை ஏறி எறங்கி, கடைசியில எவன் குறைச்சுச் சொல்றானோ அவன்கிட்ட நிப்பான். அந்த விலைக்கு இப்படித் தான் பொருள் கிடைக்கும். காசுக்கேத்த தோசை. மத்த இடத்துல சரக்கைப் பார்த்து விலை வெப்பாங்க. எங்க தெருவுல விலையைக் கேட்டுட்டு அதுக்கு ஏத்த சரக்கைக் குடுப்போம். நூறு பேருக்குக் குடுத்தா தொண்ணூறு பேருக்கு எட்டே நிறையாது. அவன் ஏத்துறது நாலு சாமி பாட்டு, ரெண்டு பேரன் போட்டோ. அவனுக்கு ஆயுசுக்கும் தெரியப் போறதில்ல. யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தச் சமயம் பார்த்து இந்தப் பக்கம் திருட்டு ஜாஸ்தியாச்சு. ஸ்டேஷன்ல கூட்டம் போட்டு, கடைக்காரங்க எல்லாரும் ரோட்டைப் பார்த்து ஒரு கேமரா மாட்டுங்கன்னு சொல்லிட்டாங்க. மளிகைக் கடை, மெடிக்கல், பிரியாணிக் கடை, எல்லாரும் ஓடி வந்து கார்டு கேக்குறாங்க. கேக்குற ஆள் ஏறுது, சரக்கு குறையுது. ரெண்டும் ஒரே நேரத்துல. ஒரு வியாபாரி ஜென்மத்துல ஒரு தடவை பார்க்கிற சீசன் சார் அது. பைபாஸ் ரோட்டுல பாதிக் கேமராவுக்கு என் கார்டு தான் போயிருக்கும். பெருமைக்குச் சொல்லலை.

அப்போ தான் ஒரு நாள் காலையில ஏழுமலை வந்தான். ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வெச்சு, ஊதுவத்தி கொளுத்தி, திரும்புறேன், வாசல்ல நிக்கிறான். கையெல்லாம் டயர்க் கறுப்பு.

"அண்ணா, கேமராவுக்கு நூத்தி இருபத்தெட்டு ஒண்ணு குடுங்க"ன்னான்.

ரேட்டைச் சொன்னேன். முகம் சுண்டிப் போச்சு.

"அவ்வளவாண்ணா? கேமரா மாட்டுனவரு வேற மாதிரி சொன்னாரே. என்கிட்ட இவ்வளவு தான் இருக்கு"ன்னு கையை விரிச்சுக் காட்டுறான். அது முப்பத்திரண்டுக்குத் தான் ஆகும்.

மத்த நேரமா இருந்தா போய்யான்னு அனுப்பியிருப்பேன். ஆனா போணி சார். முதல் ஆளு. எங்க தெருவுல போணிக்கு வந்தவனை வெறுங்கையா அனுப்ப மாட்டாங்க. அனுப்பினா அன்னிக்குப் பூரா ஈ ஓட்டணும். எங்கப்பா காலத்துல இருந்து அப்படித் தான். நஷ்டத்துக்காவது குடுத்து அனுப்பணும்.

மிதுன் பின்னாடி ஸ்டூல்ல உட்கார்ந்து பில் புக்கைத் தைச்சுட்டு இருந்தான். வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்தானா?

"அப்பா, பஞ்சர் கடைக்கு எதுக்குப்பா அவ்வளவு பெருசு? ஒரிஜினல் முப்பத்திரண்டு ஒண்ணு குடுத்துடு. அவர் வெச்சிருக்கிற காசுக்குச் சரியா இருக்கும். ரெண்டு நாள் பதிவு நின்னாலும் உண்மையா நிக்கும்ல?"

வாங்க வந்தவன் எதிர்ல இப்படிப் பேசலாமா? எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "கேக்குறவன் நூத்தி இருபத்தெட்டு கேக்குறான், அவனுக்குப் புத்தி சொல்ல நீ யாருடா?"ன்னேன். முப்பத்திரண்டு ஒரிஜினல் இல்லாம இல்ல. கல்லாவுலயே ரெண்டு கிடந்துச்சு. ஆனா ஏறுற நேரத்துல எடுத்து நீட்ட எனக்கென்ன பைத்தியமா? லோடுல ஒண்ணை எடுத்துக் குடுத்தேன். "உனக்காகத் தான்ப்பா இந்த விலை, வெளிய சொல்லாதே"ன்னேன். ஏழுமலை ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டான். போணிக் காசை நான் கண்ணுல ஒத்திக்கிட்டேன். மிதுன் அன்னிக்கு மத்தியானம் சாப்பிடலை. ரோஷக்காரன். யார் மாதிரின்னு தெரியலை, எங்க குடும்பத்துல அப்படி யாரும் கிடையாது.

நல்ல பையன் சார். தப்பா சொல்லலை. வியாபாரத்துக்கு ஆகாதவன், அவ்வளவு தான். கார்டு சரியில்லன்னு யாராவது வந்தா நான் "தண்ணி பட்டிருக்கும்"னு அனுப்பிடுவேன். இவன் அவங்க பின்னாடியே தெரு முனை வரைக்கும் போய்ப் பேசிட்டு வருவான். என்னத்தைப் பேசுவான்னு நான் கேட்டதில்ல.

அவன் செத்த அன்னிக்கும் அதுக்குத் தான் போயிருக்கான். இந்தப் பக்கம் ஒரு ஸ்டுடியோக்காரன், கல்யாணம் எடுத்திருக்கான், தாலி கட்டுறது பதியலையாம். பொண்ணு வீட்டுக்காரன் அவன் கடையில வந்து சண்டை. அவன் எனக்கு போன் பண்ணிக் கத்துறான். பில்லுல என்ன எழுதியிருக்கு? விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. எழுதியிருக்கா இல்லையா? நான் போனை வெச்சுட்டேன். இவன் என்கிட்ட சொல்லாம வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, ஒரிஜினல்ல ரெண்டை எடுத்துக்கிட்டு, நேர்ல போய் மன்னிப்பு கேட்டுக் குடுத்துட்டு வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பியிருக்கான். மன்னிப்பாம். யார் செஞ்ச எதுக்கு?

திரும்பி வரும்போது தான் அப்படி ஆச்சு. ஆஸ்பத்திரியில அவன் சட்டை, பர்ஸ் எல்லாம் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. பார்த்தேன். அந்த ரெண்டு கார்டும் இல்ல. குடுத்துட்டான் போல. அந்த நேரத்துல போய் அதையா தேடுனேன்னு நினைக்காதீங்க சார். கை தானா போச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கும்போது மனுஷன் கை எதையாவது செய்யும்.

மறுநாள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. எதிர்ல பஞ்சர் கடைக் கேமரா நேரா அந்த இடத்தைத் தான் பார்க்குது, கார்டைக் கழட்டியாச்சு, வண்டி நம்பர் தெரிஞ்சிடும்னு ஏட்டு சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் ஒரு வேகம். அடிச்சவனைக் கண்டுபிடிச்சு என்ன செய்யணும்னு கூட யோசிச்சு வெச்சுட்டேன். உள்ள போறேன், பெஞ்சுல ஏழுமலை. மேஜை மேல கார்டு.

பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு சார். இத்தனை வருஷம் கையில புரட்டுனது, தெரியாதா? என் சரக்கு.

ஏட்டு கம்ப்யூட்டர்ல சொருகுனார். வரிசையா வருது. தேதி இருக்கு, நேரம் இருக்கு. மிதுன் விழுந்த நேரத்துக்கும் ஒரு வரி இருக்கு. அதைத் திறந்தார். ஒண்ணுமில்ல. கறுப்பு. அதுக்கு முன்னாடி, அதுக்குப் பின்னாடி, எதைத் திறந்தாலும் கறுப்பு. "கேமரா ஓடலை போல"ன்னார். ஏழுமலை எழுந்து நின்னு, "பச்சை லைட்டு எரிஞ்சுட்டுத் தான் சார் இருந்துச்சு, தினம் துடைப்பேன் சார்"னு அழுவுறான். நான் ஒண்ணும் சொல்லலை. பையனைப் பறிகொடுத்தவன் என்னத்தைச் சொல்றது?

அங்க தான் எனக்கு அவன் மேல கோவம் வந்தது. தினம் துடைச்சானாம்! துடைச்சா போதுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், பதிவாகுதான்னு போன்ல திறந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல? தெரிஞ்சா கடைக்கு வந்து சண்டை போட்டிருப்பான். மிதுன் இருந்தான்னா வேற குடுத்தே அனுப்பியிருப்பான். இவன் சோம்பேறித்தனத்தால என் பையனை அடிச்சவன் ஊர்ல எங்கயோ டீ குடிச்சுட்டு இருக்கான். இதுல என் தப்பு எங்க இருக்கு, சொல்லுங்க? பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லுவாங்க, அது மாதிரி ஆகிப்போச்சு என் நிலைமை.

காரியத்துக்கு வந்தான் சார் அவன். கூப்பிடவே இல்ல. வந்து மிதுன் படத்துக்கு முன்னாடி விழுந்து எழுந்து, என் காலைப் பிடிச்சுக்கிட்டான். சொந்தக்காரங்க எல்லாம் பார்த்துட்டு நிக்கிறாங்க.

"அண்ணா, நீங்க எனக்காக விலையைக் குறைச்சு நல்ல கார்டு தான் குடுத்தீங்க. எனக்குத் தான் அதை ஒழுங்கா வெச்சுக்கத் தெரியலை. என் கை ராசி அப்படி. என்னை மன்னிச்சிடுங்கண்ணா."

நானும் "சரி விடுப்பா, விதி"ன்னு தூக்கி விட்டேன். பெருந்தன்மையா தான் நடந்துக்கிட்டேன். மனசுக்குள்ள மன்னிக்கலை, அது வேற. இன்னிக்கும் மன்னிக்கலை.

ஆனா அவன் சொன்னது சுகுணா காதுல விழுந்துடுச்சு. அவ வாசப்படியில நின்னுட்டு இருந்தா. எல்லாரும் போனப்புறம் சமையல்கட்டுல வந்து நிக்கிறா. அழலை. "ஏங்க, அவருக்கு எந்த கார்டு குடுத்தீங்க?"ன்னா.

ரெண்டு அட்டையும் ஒட்டுறவ அவ தானே சார். அவளுக்கு ரெண்டும் தெரியும்.

நான் "ஒரிஜினல் தான்"னேன். வேற என்ன சொல்லச் சொல்றீங்க? பையன் போய் அடுப்பு மூட்டாத வீட்டுல, அவகிட்ட வேற என்ன சொல்ல முடியும்? அவ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால வேற எதையும் சொல்ல முடியலை.

என்னையே பார்த்துட்டு இருந்தா. அப்புறம், "அப்படின்னா உள்ள இருக்கும்ல?"ன்னா. "ஒரிஜினல்னா அழியாதுன்னு நீங்க தானே சொல்லுவீங்க. மிதுனும் சொல்லுவான். அப்போ அந்த வண்டி உள்ள தான் இருக்கும். இவங்களுக்கு எடுக்கத் தெரியலை."

அன்னிக்குத் தான் அவ ஒரு வாய் சோறு சாப்பிட்டா.

அதுல இருந்து அவளுக்கு அது ஒரு பிடி சார். யார் துக்கம் கேக்க வந்தாலும், "வண்டி நம்பர் கார்டுல இருக்கு, எடுக்கணும்"பா. ஒட்டுற வேலையைத் தொடுறதில்ல. தானா பஸ் ஏறிப் போய் ஏழுமலை கடையில உட்கார்ந்துட்டு வருவா. அவனும் சும்மா இருக்காம, பஞ்சர் ஒட்ட வந்த ஒரு சின்ன வயசு வக்கீலம்மாவைப் பிடிச்சுட்டான். அந்தம்மா சொல்லியிருக்கு, கார்டு இன்னும் ஸ்டேஷன்ல கவர்ல சீல் வெச்சுத் தான் இருக்கு, ஆட்சேபணை சொல்லி மனு போட்டா லேபுக்கு அனுப்பச் சொல்லலாம், உள்ள உடைஞ்சு கிடக்கிறதைக் கூட இப்போ எடுக்கிறாங்கன்னு. காசு வேணாம்னுடுச்சாம். மனுவும் ரெடி. நான் ஆட்சேபணைன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்.

எடுக்க முடியுமான்னு கேக்குறீங்களா? முடியலாம். பொய் சொல்ல மாட்டேன். லோடு கார்டுல ரெண்டு ஜாதி இருக்கு சார். ஒண்ணு, நிறைஞ்சதுக்கு மேல வர்றதை எல்லாம் காத்துல விட்டுடும். இன்னொண்ணு, திரும்ப முதல்ல இருந்து பழசு மேலயே எழுதிட்டு வரும். அதுல கடைசியா எழுதுனது துண்டு துண்டா உள்ள கிடக்கும். விவரம் தெரிஞ்சவன் உட்கார்ந்து பொறுக்கினா ஒரு நம்பர் பிளேட்டாவது தேறும். அந்த மூட்டையில ரெண்டும் கலந்து தான் வந்துச்சு. இவனுக்குப் போனது எதுன்னு கடவுளுக்குத் தான் வெளிச்சம்.

ஆனா லேப்ல திறந்தா முதல் வரி என்ன எழுதுவான்? கார்டு போலின்னு எழுதுவான். எங்க வாங்குனதுன்னு கேப்பான். ஏழுமலை அரிச்சந்திரன், என் கடை பேரைத் தான் சொல்லுவான். கம்பெனிக்காரன் ஆளோட வருவான், கடைக்குச் சீல் வெப்பான். எந்த நேரத்துல? இப்போ ரேட்டு திரும்ப ஏறிட்டு இருக்கிற நேரத்துல. போன தடவை உச்சி வந்தது சரியா மிதுன் காரியத்துக்கு மறுநாள். பீரோவைத் திறந்து பூராவும் வித்தேன். சொந்தக்காரன் எல்லாம் வாய்க்கு வந்தபடி பேசுனான். பேசுறவன் வந்து எனக்கு உலை வெப்பானா? அன்னிக்கு விட்டிருந்தா போச்சு, அடுத்த வாரமே இறங்கிடுச்சு. வித்த காசுல சுகுணா சங்கிலியைத் திருப்பிட்டேன். அவ அதை வாங்கி மிதுன் படத்துக்கு முன்னாடி வெச்சுட்டா. கழுத்துல போடவே இல்ல. அவளுக்காகத் தானே திருப்புனேன், அதுல என்ன கோவமோ.

சரி, நம்பர் கிடைச்சுதுன்னே வெச்சுக்குங்க. அவனைப் பிடிச்சாச்சு. மிதுன் எழுந்து வருவானா? மாட்டான். போனவன் போயிட்டான். இருக்கிறவங்க வாழணும்ல? கடை போனா நானும் இல்ல, அவளும் இல்ல. லேப்ல அது எழுதி, அதை இவ படிச்சா, அப்புறம் ஒரு வீட்டுல நாங்க ரெண்டு பேரும் எப்படி இருக்கிறது? இப்போ அவளுக்கு அந்தக் கார்டுல பையனை அடிச்ச வண்டி இருக்கு. இருக்கட்டுமே. அவளுக்குன்னு அது ஒண்ணாவது இருக்கட்டும்.

வக்கீலம்மா இன்னும் வரலை. வேற கட்டடத்துல ஒரு கேஸாம். அந்தம்மாவைக் கையோட கூட்டிட்டு வாங்கன்னு இதோ, இப்போ உங்க எதிர்ல தானே சுகுணாவுக்கு போன் பண்ணேன். பாருங்க, கிளம்பிட்டாங்க. ஏழுமலை முன்னாடி ஓடுறான். சுகுணாவும் வேகமா தான் நடக்குறா, முட்டி வலின்னு படியேற மாட்டேம்பா, இப்போ அவ நடையைப் பாருங்க.

என்ன, தயாளன்னு கூப்பிட்டாங்களா? ஆமா, நான் தான். இருக்கேன் ஐயா, வந்துட்டேன்!

சார், பேனா இருந்தா கொஞ்சம் குடுங்க. ஆட்சேபணை இல்லைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணும், வேற ஒண்ணுமில்ல. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஒரு உதவி பண்ணுங்க. பச்சைப் புடவை வந்து கேட்டா, உங்க வீட்டுக்காரர் லேபுக்கு அனுப்பச் சொல்லித் தான் உள்ள சண்டை போட்டுட்டு இருக்கார்னு சொல்லுங்க.